ஊருக்கு ஓர் உலைக்களம்

(சென்னை மயிலாப்பூரில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கைத்தொழிலும் கிராம வளர்ச்சியும் என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். அது கடல் போன்றது. அக்கடலிலிருந்து ஒரே ஒரு கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அந்தக் கத்தி இதோ இம்மேசையின்மேல் இருக்கிறது. பார்வைக்கு அழகற்றது; பிடியும் சற்றே கோணல். ஆயினும் இது நான் என் கையால் அடித்துச் செய்தது. இதன் கதையைச் சொன்னால் நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் அதில் அடங்கிவிடும்.

இன்று காலை இங்கு வரும் வழியில் கபாலீசுவரர் கோயில் மாடவீதியில் சிறிது நேரம் நின்றுவிட்டேன். சாணை பிடிக்கும் ஒருவர் தம் மிதிவண்டியை நிலையில் நிறுத்தி, அதன்மேல் அமர்ந்து மிதித்துக் கல்லைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்திற்குள் ஓர் அரிவாள்மனை, இரண்டு காய்கறிக் கத்திகள், தையற்காரர் ஒருவரின் கத்தரிக்கோல் ஆகியவை அவர் கையில் புத்துயிர் பெற்றன.

நாம் கூடியிருக்கும் இம்மயிலாப்பூருக்கு மேற்கே ஒரு காலத்தில் நீண்டதோர் ஏரி இருந்தது. 1920-களில் அவ்வேரியைத் தூர்த்தே தியாகராய நகரை அமைத்தனர். ஏரி இருந்த இடத்தில் இன்று துணிக்கடையும் பாத்திரக்கடையும் நிற்கின்றன. நெல் அறுக்கும் அரிவாளுக்கு இங்கு இனி வேலை இல்லை. இருப்பினும் மழுங்கிய இரும்பைத் தீட்டித் தருபவர் ஒருவரை இந்நகரம் இன்னும் வைத்திருக்கிறது. ஏரியும் வயலும் உள்ள நம் ஊர்களிலோ, மண்வெட்டியைக் காய்ச்சி அடித்துத் தரும் கொல்லர் எத்தனை பேர் எஞ்சியிருக்கின்றனர்? ஒவ்வொருவரும் தத்தம் ஊரை மனத்தில் எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

நான் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வட்டாரத்தில் பணியாற்றியபோது, கரும்பு வெட்டும் தொழிலாளருக்குக் கத்திகள் வழங்க முனைந்தேன். விலைப்புள்ளி கேட்டு, மிகக் குறைந்த விலை கூறியவரிடம் அறுபது கத்திகள் வாங்கினோம். பளபளப்பாக இருந்தன, வண்ணக் கைப்பிடியும் இருந்தது. கோப்பில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. வழங்கிய அன்று புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

பத்து நாள் சென்று அந்த ஊருக்குப் போனேன். தொழிலாளர்கள் தங்கள் பழைய கத்திகளையே கையில் வைத்திருந்தனர். புதியவை எங்கே என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வயது முதிர்ந்த ஓர் அம்மையார் என்னைக் கொல்லர் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். அங்கு ஒரு மூலையில் எங்கள் கத்திகள் குவிந்து கிடந்தன. முனை வளைந்தும் வாய் மடிந்தும் இருந்தன.

பட்டறைப் பெரியவர் ஒரு கத்தியை எடுத்து அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். வெண்ணெயில் இறங்குவது போல அரம் அதில் இறங்கியது. “ஐயா, இது வெட்டுகிற இரும்பு அன்று, வேலிக்கு ஆகிற இரும்பு. எத்தனை முறை காய்ச்சினாலும் இதில் தோய்ச்சல் ஏறாது” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. பட்டம் பெற்ற நான் விலையைப் பார்த்தேனேயன்றி இரும்பைப் பார்க்கவில்லை. தொழில் அறிந்த ஒருவர் ஊரிலேயே இருந்தும் அவரை ஒரு சொல் கேட்கவில்லை.

அன்று முதல் ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பட்டறையில் போய் அமர்ந்தேன். அவர் எனக்குக் கற்பித்ததைப் பின்னர் நூல்களில் படித்ததோடு ஒப்பிட்டு, உங்கள் முன் வைக்கிறேன்.

ஏற்ற இரும்பு எது?

இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. நூறு பங்கில் கால் பங்குக்கும் குறைவாகக் கரி உள்ள மென்னிரும்பு கம்பிக்கும் சட்டத்திற்கும் உகந்தது. அதைக் கடினமாக்க இயலாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறக்குறைய அரைப் பங்கிலிருந்து 0.6 பங்கு வரை கரி உண்டு. நல்ல அரத்திலும் பால்பேரிங் வளையத்திலும் ஏறத்தாழ ஒரு பங்கு உண்டு. அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் ஸ்பிரிங் பட்டையே ஏற்றது. கடினமும் தாங்கும் வலிவும் அதில் ஒருங்கே அமைந்திருக்கின்றன.

இச்சென்னையின் புதுப்பேட்டையில் பழைய வாகன உறுப்புகள் விற்கும் கடைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். லாரி கழித்துவிட்ட பட்டை கொல்லருக்குப் பொருளாகும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும். ஆதலால் தேய்ந்தும் அரித்தும் போன பகுதியை நீக்கிவிட வேண்டும். இன்ன இரும்பென்று தெரியாவிட்டால் சாணையில் வைத்துப் பொறியைப் பாருங்கள். மென்னிரும்பின் பொறி நீண்ட கோடாக ஓடி மறையும். கரி மிக்க எஃகின் பொறி மத்தாப்புப் போலக் கிளைத்துச் சிதறும்.

நாகப்பூச்சு இட்ட குழாயையும் தகட்டையும் உலையில் இடவே கூடாது. அப்புகை காய்ச்சலை உண்டாக்கும். பேரிங் வளையத்தைக் குளிர்ந்த நிலையில் சம்மட்டியால் அடிக்கவும் கூடாது. அது கண்ணாடி போல் உடைந்து கண்ணில் பாயும்.

கருவி இல்லையே என்று கலங்க வேண்டாம்

உலை அமைக்கப் பெருஞ்செலவு ஆகும் என்று பலர் எண்ணுகின்றனர். நான் இக்கத்தியை அடித்த உலை, தரையில் ஒரு சாண் ஆழத்தில் தோண்டிய பள்ளம். களிமண்ணில் மணலும் உமியும் பிசைந்து அதன் உட்புறத்தைப் பூசினோம். ஓர் இரும்புக் குழாய் காற்றுக்கு வழியாயிற்று. துருத்தி கிழிந்துபோயிருந்ததால், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய காற்றூதியை மின்கலத்துடன் இணைத்துக்கொண்டோம். எரிபொருளாக மரக்கரியும் கொட்டாங்கச்சிக் கரியும் இருந்தன. பட்டறைக்கல்லுக்குப் பதிலாக, பிடி போன பெரிய சம்மட்டித் தலை ஒன்றைப் புளியமரக் கட்டையில் பதித்துக்கொண்டோம். பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. உலை திறந்த வெளியில் இருக்க வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகக் கூறினார். மூடிய அறையில் கரி எரிந்தால் எழும் நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; அது ஆளைக் கொன்றுவிடும்.

இரும்பு கிச்சிலிப் பழ நிறம் அடைந்ததும் அடிக்க வேண்டும். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்தி மீண்டும் உலையில் இட வேண்டும். ஆறிய இரும்பை ஆத்திரத்தோடு அடித்தால் உள்ளே வெடிப்பு விழும். பட்டை வெள்ளையாகப் பொறி பறக்கும்வரை காய்ச்சினாலோ இரும்பு எரிந்து கெடும். வடிவம் வந்தபின் மும்முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் அடியினால் ஏற்பட்ட இறுக்கம் தளரும். பின்னர் அரத்தால் ராவிச் சீர்படுத்தலாம். இந்நிலையில் வாயை மிகவும் மெல்லியதாக்கிவிடக் கூடாது. ஒரு நாணயத்தின் கனமாவது விட்டுவைக்க வேண்டும். இல்லையேல் தோய்ச்சலில் நெளிந்துபோகும்.

கத்தியின் உயிர் தோய்ச்சலில்

இனிக் கூறப்போவதே தலையாயது. கத்தியின் வடிவத்தை யாரும் அமைத்துவிடலாம். அதற்கு உயிர் கொடுப்பது தோய்ச்சல்.

நான் செய்த முதற் கத்தியைச் சிவக்கக் காய்ச்சிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினேன். “டிக்” என்று ஓர் ஓசை கேட்டது. பெரியவர் தலை நிமிராமலே, “வெடித்துவிட்டது ஐயா” என்றார். எடுத்துப் பார்த்தேன். வாயிலிருந்து முதுகு வரை மயிரிழைபோல் ஒரு கோடு. ஒரு நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாயிற்று.

ஸ்பிரிங் பட்டைக்குத் தண்ணீர் வேகம் மிகுதி, எண்ணெயே தகும். ஓர் இரும்புப் பாத்திரத்தில் புங்க எண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றி, காய்ந்த இரும்புத் துண்டு ஒன்றை அதில் இட்டு வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். கழிந்த இயந்திர எண்ணெய் நச்சுப்புகை எழுப்புமாதலால் அதைத் தவிர்க்க வேண்டும். தீப்பற்றினால் மூட ஒரு மூடியும் ஒரு கூடை மணலும் அருகில் இருத்தல் அவசியம். எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றலாகாது.

எவ்வளவு காய்ச்சுவது? பெரியவர் கண்ணாலேயே அறிந்தார். கோவைப்பழச் சிவப்பு என்பது அவர் கணக்கு. அக்கண் இல்லாத எனக்கு ஒரு பழைய ஒலிபெருக்கியின் காந்தம் உதவியது. இரும்பு ஏறக்குறைய 770 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டும்போது காந்தம் அதைப் பிடிக்காமல் விட்டுவிடும். அந்நிலை வந்தபின் இன்னும் சற்றே வெப்பம் ஏற்றி, கத்தியை நேராக எண்ணெயில் இறக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். ஆறியபின் அரத்தை ஓட்டிப் பார்த்தால், கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்க வேண்டும்.

இவ்வாறு கடினமான கத்தி அப்படியே பயன்படாது. கீழே விழுந்தால் ஒடியும். உடனே அதன் மிடுக்கைச் சிறிது தணிக்க வேண்டும். கத்தியின் பக்கத்தைத் தேய்த்து வெண்மையாக்கி, நன்கு பழுத்த இரும்புக் கட்டி ஒன்றின்மேல் அதன் முதுகை வைத்தால், நிறங்கள் முதுகிலிருந்து வாயை நோக்கி நகர்ந்து வருவதைக் காணலாம். முதலில் வைக்கோல் நிறம், அடுத்துப் பழுப்பு, பின் கத்தரிப்பூ நிறம், இறுதியில் நீலம். காய்கறிக் கத்தியாயின் வாயில் வைக்கோல் நிறம் வந்ததும் தண்ணீரில் இட்டு நிறுத்துக. கரும்புக்கும் முள்ளுக்கும் ஆன வெட்டுக்கத்தியாயின் பழுப்பு கத்தரிப்பூ நிறமாக மாறும் தறுவாயில் நிறுத்துக. முதுகு நீலமாகவே இருக்கட்டும். அது வளைந்து கொடுக்கும். கடினமான வாயும் இளகிய முதுகும் ஒரே இரும்பில் அமைவதே கொல்லரின் திறமை. எங்கள் கோப்பில் இருந்த அறுபது கத்திகளிலும் இல்லாதது இதுவே.

சாணை பிடிக்கும் முறை

நல்ல கத்தியையும் தவறான சாணை கெடுத்துவிடும். மின்சாணையில் அழுத்திப் பிடித்தால் வாய் நீலம் பாய்ந்துவிடுகிறது. அவ்விடத்தில் தோய்ச்சல் போயிற்று என்பது பொருள். கத்தியை அடிக்கடி தண்ணீரில் நனைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்குமேல் ஏறாமல் தீட்ட வேண்டும்.

கோணத்திற்குக் கருவி வேண்டா. ஒரு தாளின் மூலை 90 பாகை. அதை ஒருமுறை மடித்தால் 45. மீண்டும் மடித்தால் இருபத்திரண்டரை. காய்கறிக் கத்திக்கு இதைவிடச் சிறிது தாழ்வாகவும், வெட்டுக்கத்திக்குச் சற்று உயர்வாகவும் கல்லில் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் விரலுக்குச் சுரசுரப்பாக ஒரு பிசிர் எழும். பிசிர் நுனிமுதல் அடிவரை எழுந்தபின் பக்கத்தை மாற்றி, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து அப்பிசிரை நீக்க வேண்டும். பிசிர் எழும் முன்பே நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

தீட்டுக்கல் இல்லாத வீட்டிலும் பீங்கான் கோப்பை இருக்கும். அதன் அடிவளையத்தில் மெருகு பூசாத பகுதி நல்லதொரு சன்னக்கல்லாகும். கடைசியாகத் தோல்வாரில் பின்னோக்கி இழுத்தால் வாய் மெருகேறும். தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948-இல் தோன்றிய நிறுவனம் அருகில் அடையாற்றில் இருக்கிறது. ஆயினும் நம் வேலைக்கு அங்குச் செல்ல வேண்டியதில்லை. ஒரு பழைய இடுப்புவார் போதும்.

நம் நாட்டின் அறிவு

இவற்றையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்தவை என்று எண்ண வேண்டாம். சாணைக்கல்லில் சேரும் குருந்தக்கல் நம் சேலம் பகுதியில் கிடைத்தது. கொல்லர்கள் அதன் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தனர். உலகம் முழுவதும் இக்கல்லுக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதாகும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில், மூசையில் உருக்கி எஃகு செய்ததற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. தென்னாட்டு எஃகு ‘ஊட்ஸ்’ என்ற பெயரோடு மேனாடு சென்று, 1795-இல் இலண்டன் ராயல் கழகத்தில் ஆராயப்பட்டது. பின்னர் மைக்கேல் பாரடே அதனை ஆராய்ந்து 1819-இல் கட்டுரை வெளியிட்டார். கத்தி செய்யும் ஸ்டோடர்ட் என்பவருடன் சேர்ந்து அதுபோல் எஃகு செய்யவும் முயன்றார். அந்தப் பேரறிஞர் ஒரு கொல்லரின் மகன் என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 2025 சனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த சான்றுகளைக்கொண்டு தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை 5,300 ஆண்டுகள் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆதிச்சநல்லூரில் எடுத்த இரும்புக் கருவிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

அருங்காட்சியகத்தில் உள்ள இரும்பைக் கண்டு பெருமைப்படுவோம். அத்துடன், அதே தொழிலை இன்றும் செய்பவர் தம் தெருவில் வறுமையில் வாடுவதையும் பார்ப்போம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

எனக்குக் கற்பித்த பெரியவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மகன் இச்சென்னையில் வண்டி ஓட்டுகிறார். அவரைக் குறை கூற எனக்கு மனம் இல்லை. ஒரு மண்வெட்டி காய்ச்சி அடித்தால் கிடைக்கும் கூலியில் அவர் எவ்வாறு குடும்பம் நடத்துவார்? உலைக்களம் மூடியிருக்கிறது. அவ்வூர் மக்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வேற்றூருக்குச் செல்கின்றனர். அல்லது மழுங்கிய அரிவாளோடு மல்லாடுகின்றனர். மழுங்கிய கருவி மிகுந்த வலிமையைக் கேட்கும். வழுக்கிக் கையையும் வெட்டும். கூலியாளின் பொழுதும் உடலும் அதில் தேய்கின்றன.

ஆதலால் நான்கு செயல்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் ஊராட்சியில் இயங்கும் உலை எத்தனை, மூடிய உலை எத்தனை என்று கணக்கெடுங்கள். வரும் கிராம சபைக் கூட்டத்தில் அக்கணக்கைப் படியுங்கள்.

இரண்டாவது, இரண்டு மூன்று சிற்றூர்களுக்குப் பொதுவாக, காற்றோட்டமுள்ள ஒரு கொட்டகையை அமைத்துக் கொல்லருக்கு அளிக்க வழி தேடுங்கள். அறுவடைக்கு முன் வாரம் ஒரு நாள் சாணை நாளாக அமையட்டும்; கருவிக்கு இவ்வளவு என்று உழவர்களே கூடி நியாயமான கூலியை வகுக்கட்டும். முன்பு களத்து மேட்டில் நெல்லாக அளந்ததை இன்று பணமாக அளப்பதில் தவறில்லை. அளக்காமல் விட்டதே தவறு.

மூன்றாவது, கடனுதவி. 2025-இல் தமிழ்நாட்டில் கலைஞர் கைவினைத் திட்டம் மானியத்துடன் கூடிய கடனுக்கெனத் தொடங்கப்பட்டது. எவ்வெத் தொழிலுக்கு எவ்வளவு உதவி என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து, கொல்லருக்கு விண்ணப்பம் எழுதித் தாருங்கள். உலை முன் நிற்பவருக்கு அலுவலகப் படி ஏற நேரம் இராது. அது நம் வேலை.

நான்காவது, இனிமேல் எந்தக் கருவியை வாங்கினாலும், வாங்கும் முன் ஒரு கொல்லரிடம் அரத்தைக் கொடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தேய்ப்பை நான் அன்று செய்திருந்தால் பொதுப்பணம் வீணாகியிராது.

அன்பர்களே, இந்தக் கத்தி என் நான்காவது முயற்சி. இதன் வாயில் இன்றும் குறை உண்டு. இதைப் பெரியவரிடம் காட்டியபோது அவர் தாளில் ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது வெட்டும்” என்றார். நான் பெற்ற பட்டத்தைவிட அச்சொல் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அவ்வாறு பார்த்துச் சொல்லும் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும். மூடிய உலையை மறுபடி மூட்டக் கரியும் காற்றும் போதும். அவ்வறிவு உடையவர் மறைந்துவிட்டால் அதை எந்தத் திட்டத்தாலும் மீட்க இயலாது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக உங்கள் ஊர்க் கொல்லரைச் சென்று காணுங்கள்.